கிராண்ட்மாஸ்டர் ஆட்டத்தை அலசுவது எப்படி? ஏ7-இல் போய் உட்கார்ந்த பிஷப்பும் வேறு சில புதிர்களும்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் செஸ் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள். பொறி வைத்துக் காயைப் பிடிக்கத் தெரியும், மூன்று நகர்த்தலில் மேட் கண்டுபிடிக்கத் தெரியும். ஆனால் ஒரு பெரிய ஆட்டக்காரரின் ஆட்டத்தைப் பலகையில் வைத்தால் பாதி நகர்த்தல்கள் எதற்கென்றே விளங்காது. வெட்டும் இல்லை, செக்கும் இல்லை. யானையை ஓரமாக ஒதுக்குகிறார், குதிரையைப் பின்னுக்கு இழுக்கிறார், பத்து நகர்த்தல் கழித்து எதிராளி கையைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறார். இடையில் நடந்தது என்ன? பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

காய்களின் பெயரும் கட்டங்களின் பெயரும் இங்கே எப்படி?

ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய். பிஷப்பை மந்திரி என்று சொல்பவர்கள் உண்டு, ராணியை மந்திரி என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க பிஷப் என்றே எழுதியிருக்கிறோம். நெடுவரிசைகள், அதாவது ஃபைல்கள், வெள்ளையின் இடது ஓரத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். குறுக்கு வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8. “பி குதிரை டி2” என்றால் பி ஃபைலில் நின்ற குதிரை டி2-க்குப் போகிறது. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல். வெட்டுக்கு × என்ற குறி.

முதலில் எந்த ஆட்டத்தை எடுப்பது?

பழைய ஆட்டத்தை எடுங்கள். கபாபிளாங்கா, பெட்ரோசியன், கார்ப்போவ் ஆகியோரில் ஒருவர் 35 முதல் 45 நகர்த்தலில் ஜெயித்த ஆட்டமாக இருந்தால் நல்லது. இன்றைய உச்ச ஆட்டங்களில் முதல் இருபது நகர்த்தல் வீட்டிலேயே என்ஜினோடு (செஸ் ஆடும் கம்ப்யூட்டர் நிரலோடு) தயார் செய்து கொண்டுவந்ததாக இருக்கும். அதற்குப் பிறகும் ஒருவர் போடும் திட்டத்தை மற்றவர் முளையிலேயே கிள்ளிவிடுவார். திட்டம் பலகைக்கே வராமல் போனால் கற்பவர் எதைப் பார்ப்பார்? பழைய ஆட்டத்தில் ஒரு பக்கத்தின் எண்ணம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இழையாக ஓடும்.

சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டம் வேண்டவே வேண்டாம்.

செல்போனில் பார்த்தால் போதாதா? பலகை கட்டாயமா?

கட்டாயம். செல்போனில் விரல் தானாக அடுத்த நகர்த்தலுக்குத் தாவும், நாற்பது நகர்த்தலும் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும், மனதில் எதுவும் நிற்காது. போட்டி அளவுப் பலகையே போதும்: ராஜா 9.5 செ.மீ. உயரம், கட்டம் 5 முதல் 6 செ.மீ. சுருட்டி வைக்கும் வினைல் பலகைக்கு அதிகச் செலவாகாது.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரு கிளையை, அதாவது ஆட்டத்தில் ஆடாத மாற்று வரிசையை, சோதிக்கக் காய்களை நகர்த்திவிட்டு, பிறகு எந்தக் காய் எங்கே நின்றது என்று மறந்துபோவது. குதிரை ஒரு கட்டம் தள்ளி நின்றாலும் அதன்பின் செய்யும் அலசல் முழுக்க வீண். இரண்டு பலகை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை: ஒன்றில் ஆட்டம், மற்றதில் கிளைகள். இரண்டாவது பலகை இல்லையென்றால் ஆட்டத்தை லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தின் ஸ்டடி பகுதியில் ஏற்றி, என்ஜினை அணைத்துவிட்டு, நிலையைச் சரிபார்க்க மட்டும் செல்போனைப் பயன்படுத்துங்கள். ஸ்டடி இலவசம்.

எந்த வரிசையில் அலசுவது?

முதலில் நிறுத்தாமல் ஒரு சுற்று, பத்து நிமிடம். புரியாத நகர்த்தல் எண்களை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். மூன்று போதும், ஆறுக்கு மேல் போகக் கூடாது.

இரண்டாவது சுற்றில் ஜெயித்தவர் பக்கம் உட்காருங்கள். ஓப்பனிங் முடியும் இடத்திலிருந்து, பெரும்பாலும் 12 அல்லது 14-ஆம் நகர்த்தலிலிருந்து, மீதியை ஒரு அட்டையால் மூடிக்கொண்டு ஒவ்வொரு நகர்த்தலையும் நீங்களே ஊகியுங்கள். சாதாரண இடத்தில் அரை நிமிடம், குறித்த இடத்தில் ஐந்து நிமிடம். ஊகம் தவறினால் கவலை வேண்டாம். ஆனால் எழுதாமல் அட்டையை நகர்த்தினால் அன்றைய வேலை அங்கேயே கெட்டது. மனம் கள்ளத்தனமானது, விடையைப் பார்த்தவுடன் “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்று சொல்லிவிடும்.

மூன்றாவதாக, குறித்த இடங்களில் கிளைகள். உங்கள் நகர்த்தலை ஆடியிருந்தால் எதிராளி என்ன செய்திருப்பார் என்று மூன்று மூன்று நகர்த்தலாகப் பாருங்கள். என்ஜின் கடைசியில்தான்.

மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும். ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு மாலையாகப் பிரியுங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மாசி வீதிப் பக்கம் வீடு என்றால் அடுத்த வாரத்துக்கு ஒத்திப்போடுவதே புத்திசாலித்தனம்.

‘பொசிஷனல்’ நகர்த்தல் என்றால் என்ன?

ஆடு புலி ஆட்டம் தெரிந்தவருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டால் புலியை வெட்டவே முடியாது, புலி நகர இடமில்லாமல் அடைப்பதுதான் ஆட்டுக்காரரின் வெற்றி. அதனால் அவர் வைக்கும் ஒவ்வொரு ஆடும் “எதை வெட்டலாம்” என்று பார்க்காமல் “எந்தப் புள்ளியை மூடலாம்” என்று பார்க்கும்.

செஸ்ஸில் பொசிஷனல் நகர்த்தலும் அதே சங்கதிதான். உடனடி மிரட்டல் இருக்காது. எதிராளி போக நினைத்த கட்டத்தை மூடும், அவருடைய நல்ல காயைக் கெட்ட காயாக்கும், அல்லது தன்னுடைய ஒரு காய்க்கு நல்ல வீடு தேடித் தரும். ஆகவே விளங்காத நகர்த்தலைக் கண்டதும் “இது எதைத் தாக்குகிறது” என்று கேட்காதீர்கள். எதிராளி அடுத்து எதை ஆட விரும்பினார், இதனால் அது ஏன் முடியாமல் போனது? வியப்பூட்டும் நகர்த்தல்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கே திறந்துவிடும்.

ஒரு ஆட்டத்தை முழுமையாக எடுத்துக் காட்ட முடியுமா?

கார்ப்போவ் – உன்ட்சிக்கர், நீஸ் ஒலிம்பியாட், 1974. வெள்ளை சோவியத் யூனியனின் அனடோலி கார்ப்போவ், கறுப்பு மேற்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் உன்ட்சிக்கர். பலகையில் வையுங்கள்:

1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் பி5 ஏ6 4. பிஷப் ஏ4 குதிரை எஃப்6 5. காஸ்லிங் பிஷப் இ7 6. யானை இ1 பி5 7. பிஷப் பி3 டி6 8. சி3 காஸ்லிங் 9. எச்3 குதிரை ஏ5 10. பிஷப் சி2 சி5 11. டி4 ராணி சி7 12. பி குதிரை டி2 குதிரை சி6 13. டி5 குதிரை டி8 14. ஏ4 யானை பி8 15. ஏ×பி5 ஏ×பி5 16. பி4 குதிரை பி7 17. குதிரை எஃப்1 பிஷப் டி7 18. பிஷப் இ3 யானை ஏ8 19. ராணி டி2 எஃப் யானை சி8 20. பிஷப் டி3 ஜி6 21. குதிரை ஜி3 பிஷப் எஃப்8 22. யானை ஏ2 சி4 23. பிஷப் பி1 ராணி டி8.

இங்கே நிறுத்துங்கள். பலகை சரியா என்று பாருங்கள். வெள்ளை: ராஜா ஜி1, ராணி டி2, யானை ஏ2, இ1, பிஷப் பி1, இ3, குதிரை எஃப்3, ஜி3, சிப்பாய் பி4, சி3, டி5, இ4, எஃப்2, ஜி2, எச்3. கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, யானை ஏ8, சி8, பிஷப் டி7, எஃப்8, குதிரை பி7, எஃப்6, சிப்பாய் பி5, சி4, டி6, இ5, எஃப்7, ஜி6, எச்7.

திறந்திருப்பது ஏ ஃபைல் ஒன்றுதான். வெள்ளை என்ன ஆடும்? ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

24. பிஷப் ஏ7! திறந்த ஃபைலைத் தன் காயாலேயே அடைப்பதா? ஏன்?

கறுப்பின் விருப்பத்திலிருந்து தொடங்குங்கள். கறுப்புக்கு இடம் குறைவு, காய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. நெருக்கடியில் இருப்பவருக்குக் காய்களை மாற்றிக்கொள்வதே நிவாரணம். ஏ ஃபைலில் யானைகள் நேருக்கு நேர் நிற்கின்றன. இரண்டு ஜோடி யானையும் வெட்டிக்கொண்டு பலகையை விட்டுப் போனால் கறுப்பு மூச்சு விடும். ராணி டி8-க்கு வந்தது ஏ8-க்கு ஆதரவாகத்தான்.

வெள்ளை தானே வெட்டினால்? 24. யானை×ஏ8 யானை×ஏ8. சி8-இல் நின்ற யானை வந்து ஃபைலைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். வெள்ளையின் இன்னொரு யானை இ1-இல் மாட்டிக்கிடக்கிறது, ஏ1-க்குப் போகும் வழியில் தன் பிஷப்பே பி1-இல் நிற்கிறது. யானைகளை இரட்டிக்க வெள்ளைக்கு இன்னும் இரண்டு நகர்த்தல் தேவை, கறுப்போ இப்போதே வெட்டக் காத்திருக்கிறது. நேரம் கறுப்பின் பக்கம்.

பிஷப் ஏ7 அந்தக் கணக்கையே புரட்டிப் போடுகிறது. நடுவில் பிஷப் நிற்பதால் யானைகள் வெட்டிக்கொள்ள முடியாது. பிஷப்பைக் கறுப்பு யானை வெட்டினால் ஏ2 யானை திரும்ப வெட்டும், பி7 குதிரையையும் உடனே தாக்கும். போனது யானை, வந்தது பிஷப். ஆக, தடுப்புக்குப் பின்னால் வெள்ளை அவசரமில்லாமல் 25. பிஷப் சி2, 26. இ யானை ஏ1 என்று இரட்டித்துவிட்டது. பிஷப் எந்த நேரம் விலகினாலும் ஏ ஃபைல் முழுவதும் வெள்ளைக்கு.

இன்னொரு சிறு வேலையையும் பிஷப் செய்கிறது, பலர் கவனிப்பதில்லை. பி8 கட்டத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. கறுப்பு ராணியோ யானையோ பி8 வழியாக வந்து ஏ8-க்கு உதவ முடியாது.

கறுப்பு எங்கே சறுக்கியது?

22... சி4 என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். சிப்பாய் சி5-இல் நின்றவரை இ3-யிலிருந்து ஏ7-க்குப் போகும் மூலைவிட்டம் அடைபட்டிருந்தது, அந்த நகர்த்தலே பிஷப்புக்குப் பாதை போட்டுக் கொடுத்தது. அதோடு நடுப்பகுதியில் இருந்த இழுபறியும் தீர்ந்தது. நடுவில் கவலை இல்லாதவர் ஓரங்களில் ஆற அமர வேலை பார்ப்பார்.

வியப்பூட்டும் நகர்த்தலைக் கண்டால் அதற்கு முந்தைய இரண்டு நகர்த்தலை எப்போதும் திரும்பிப் பாருங்கள். கதவு பெரும்பாலும் அங்கேதான் திறந்திருக்கும்.

அந்த பிஷப் பிறகு எப்போது விலகுகிறது? ஏ ஃபைலில் எப்படி ஜெயித்தார்?

விலகவே இல்லை. 44-ஆம் நகர்த்தலில் கறுப்பு தோல்வியை ஒப்புக்கொண்டபோதும் அது ஏ7-இல்தான் இருந்தது. இந்த ஆட்டத்தின் சுவையே அங்கேதான் இருக்கிறது.

அலங்காநல்லூரில் வாடிவாசலுக்குப் பின்னால் காளை நிற்கும்வரை களத்தில் இருப்பவர் எவரும் வேறு பக்கம் திரும்ப முடியாது. ஏ7 பிஷப் வாடிவாசல், பின்னால் இரண்டு யானைகள் காளைகள். எந்த நேரமும் திறக்கலாம் என்பதால் கறுப்பு யானைகள் ஏ8, சி8 இரண்டையும் விட்டு நகர முடியவில்லை. அதே நேரத்தில் கார்ப்போவ் மறு ஓரத்துக்குப் போய்விட்டார்.

தொடர்ந்து வையுங்கள்: 24... குதிரை இ8 25. பிஷப் சி2 குதிரை சி7 26. இ யானை ஏ1 ராணி இ7 27. பிஷப் பி1 பிஷப் இ8 28. குதிரை இ2 குதிரை டி8 29. குதிரை எச்2 பிஷப் ஜி7 30. எஃப்4 எஃப்6 31. எஃப்5 ஜி5 32. பிஷப் சி2 பிஷப் எஃப்7 33. குதிரை ஜி3 குதிரை பி7 34. பிஷப் டி1 எச்6 35. பிஷப் எச்5 ராணி இ8 36. ராணி டி1 குதிரை டி8 37. யானை ஏ3 ராஜா எஃப்8 38. 1-ஆம் வரிசை யானை ஏ2 ராஜா ஜி8 39. குதிரை ஜி4 ராஜா எஃப்8 40. குதிரை இ3 ராஜா ஜி8 41. பிஷப்×எஃப்7 செக் குதிரை×எஃப்7 42. ராணி எச்5 குதிரை டி8 43. ராணி ஜி6 ராஜா எஃப்8 44. குதிரை எச்5. கறுப்பு விலகியது.

இதில் இரண்டாவது புதிர் 34. பிஷப் டி1. 34... எச்6 ஆடியபின் கறுப்பின் ஜி6 கட்டத்தைக் காக்க சிப்பாய் இல்லை, எஃப்7 பிஷப் ஒன்றுதான் காவல். வெள்ளையின் வெள்ளைக்கட்ட பிஷப்போ தன் டி5, இ4, எஃப்5 சிப்பாய்களுக்குப் பின்னால் முடங்கிக் கிடந்தது, புத்தக வழக்கில் ‘கெட்ட பிஷப்’. அந்தக் கெட்டதை டி1, எச்5 என்று சுற்றிக் கொண்டுபோய்க் கறுப்பின் ஒரே காவலாளிக்கு மாற்றிக்கொண்டார். காவல் போனதும் ராணி எச்5 வழியாக நேரே ஜி6-இல் போய் உட்கார்ந்தது.

37 முதல் 40 வரை கறுப்பு ராஜா எஃப்8, ஜி8, எஃப்8, ஜி8 என்று ஊஞ்சலாடுவதைக் கவனித்தீர்களா? ஆட வேறு எதுவும் இல்லை. ஆட்டுக்காரர் மூலையில் அடைத்த புலி அப்படித்தான் முன்னும் பின்னும் போகும்.

எங்கள் பையன் இதைப் பார்த்துவிட்டுத் தன் ஆட்டத்திலும் பிஷப்பை ஏ7-இல் வைத்தான், பிஷப்பே போய்விட்டது. ஏன்?

நகர்த்தலை எடுத்துக்கொண்டு நிபந்தனைகளை விட்டுவிட்டான். நான்கு நிபந்தனை சரிபார்க்க வேண்டும்.

பிஷப்பைச் சிப்பாய் அடைக்கக் கூடாது. இங்கே கறுப்பின் பி சிப்பாய் பி5-க்குப் போய்விட்டது, பி6-க்குத் திரும்ப முடியாது. அது பி7-இல் நின்று பி6 ஆட முடிந்தால் ஏ7 பிஷப் பொறியில் விழுந்தது போலத்தான். பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

குதிரை துரத்தக் கூடாது. ஏ7-ஐத் தாக்கும் குதிரைக் கட்டங்கள் பி5, சி6, சி8. இந்த ஆட்டத்தில் பி5-இல் கறுப்பின் சொந்தச் சிப்பாய், சி6-ஐ டி5 சிப்பாய் காக்கிறது, சி8-இல் சொந்த யானை. மூன்றும் அடைப்பு.

பின்னால் யானை தாங்கி நிற்க வேண்டும். கடைசியாக, மறுபக்கத்தில் உங்களுக்கு வேலை இருக்க வேண்டும். இடம் கூடுதலாக இருப்பவர்தான் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வேகமாக மாற முடியும். இடமே இல்லாதவர் ஃபைலை அடைத்தால் தன்னையே அடைத்துக்கொண்டார் என்று பொருள்.

யானையைக் கொடுத்து பிஷப்பை வாங்குவது எப்படி நல்ல நகர்த்தல் ஆகும்?

எக்ஸ்சேஞ்ச் சாக்ரிஃபைஸ் என்பது இதற்குப் பெயர். பாடமாக எடுக்க ரெஷெவ்ஸ்கி – பெட்ரோசியன், ஜூரிச் கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி), 1953 ஆட்டத்தைப் போல வேறொன்று இல்லை. 25-ஆம் நகர்த்தலுக்குப் பின் வெள்ளையிடம் டி4, இ5 என இரண்டு பலமான சிப்பாய்கள், பின்னால் இ ஃபைலில் இரண்டு யானை, ஜி4-இல் பிஷப். இ6 என்று சிப்பாய் ஓடினால் கறுப்பு உடையும். கறுப்புக் குதிரை சி6-இல் நிற்கிறது. அதற்குக் கனவு வீடு டி5, அங்கே அமர்ந்தால் எந்த வெள்ளைச் சிப்பாயும் துரத்த முடியாது. போகும் வழி இ7. ஆனால் இ7-இல் தன் யானையே நிற்கிறது.

25... யானை இ6! இ சிப்பாயின் பாதையை அடைத்தாயிற்று, இ7 காலியாயிற்று. வெள்ளை பிஷப் வெட்டலாம், வெட்டட்டும். ரெஷெவ்ஸ்கி 26. ஏ4 ஆட, 26... குதிரை இ7 27. பிஷப்×இ6 எஃப்×இ6 28. ராணி எஃப்1 குதிரை டி5. இப்போது எண்ணிப் பாருங்கள்: வெள்ளையின் வெள்ளைக்கட்ட பிஷப் பலகையில் இல்லை. மிஞ்சிய பி2 பிஷப் சி3, டி4, இ5 சிப்பாய்களுக்குப் பின்னால் சிறையில். இ ஃபைல் இறுகிவிட்டது, திறந்த எஃப் ஃபைலில் யானை இறங்கும் கட்டத்தைக் கறுப்பின் ஜி6 பிஷப் காக்கிறது. விலைப்பட்டியலில் யானை ஐந்து, பிஷப் மூன்று. ஆனால் பூ வாங்கும் எவருக்கும் தெரியும், மல்லிகைக்குக் காலை விலை வேறு, மாலை விலை வேறு. 29. யானை எஃப்3 பிஷப் டி3, பிறகு வெள்ளையே 30. யானை×டி3 என்று எக்ஸ்சேஞ்சைத் திருப்பிக் கொடுத்தது. ஆட்டம் 41 நகர்த்தலில் டிரா.

மோசமான நிலையிலிருந்து டிரா எடுத்தது பெரிய சாதனையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆம், பெரிய சாதனைதான்.

என்ஜினை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது?

உங்கள் குறிப்பு முடிந்த பிறகு. ஸ்டாக்ஃபிஷ் என்ஜின் இலவசம், லிச்செஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று வரி காட்டும்படி அமையுங்கள். ஒரே வரி மட்டும் பார்த்தால் அதுவே வேதம் என்று தோன்றும். குறித்த நிலையில் இரண்டு நிமிடமாவது ஓடவிடுங்கள். செல்போனில் ஐந்து நொடி ஓடவிட்டு எடுத்த மதிப்பெண் அடைபட்ட நிலைகளில் நம்பத்தகாதது. 0.3-க்குக் குறைவான வேறுபாட்டைச் சமம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வசதி: கம்ப்யூட்டரில் லிச்செஸ் அலசல் பலகையில் எக்ஸ் விசையைத் தட்டினால், இப்போது எதிராளி ஆடுவதாக இருந்தால் என்ன மிரட்டல் என்று காட்டும். பொசிஷனல் நகர்த்தலுக்கு முந்தைய நிலையில் இதைத் தட்டுங்கள். கேட்க வேண்டிய கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

என்ஜின் வேறு நகர்த்தலைச் சொன்னால் ஆட்டக்காரர் தவறு செய்தார் என்று உடனே எழுதாதீர்கள். என்ஜினின் வரியை ஐந்து நகர்த்தல் பலகையில் வைத்து, ஆட்டத்தில் வந்த நிலையோடு ஒப்பிட்டு, எதை உங்களுக்கு ஆடத் தெரியும் என்று பாருங்கள். எண் காரணத்தைச் சொல்லாது, அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஜெயித்தவர் ஆடியது எல்லாம் சரியா?

இல்லை. கார்ப்போவ் – கஸ்பரோவ், 1985 மாஸ்கோ உலகப் பட்டப் போட்டியின் 16-ஆவது ஆட்டம். கறுப்பான கஸ்பரோவ் 8... டி5 என்று ஒரு சிப்பாயைக் கொடுத்தார். 16... குதிரை டி3 என்று வெள்ளையின் வயிற்றுக்குள் குதிரையை இறக்கினார். எஃப்5 பிஷப் தாங்க, அந்தக் குதிரை வெள்ளை யானைகளின் வேலையையே நிறுத்திவிட்டது. 40 நகர்த்தலில் கறுப்பு வெற்றி.

ஆனால் அந்தச் சிப்பாய்த் தியாகம் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே பிரஸ்ஸல்ஸில் வான் டெர் வீலுக்கு எதிராக 12. பிஷப் இ3 ஆடி கார்ப்போவ் அதற்கு மருந்து காட்டிவிட்டார். ஆக, டி3 குதிரையின் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 8... டி5-ஐப் போட்டியில் ஆடிப் பார்க்காதீர்கள்.

குகேஷின் ஆட்டத்தை எடுக்கலாமா?

ஆசை நியாயமானதே. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டப் போட்டியில் டிங் லிரனுக்கு எதிரான 14-ஆவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியை மட்டும் எடுங்கள். 55. யானை எஃப்2 யானை×எஃப்2 56. ராஜா×எஃப்2 பிஷப் டி5! வெள்ளையின் பிஷப் ஏ8 மூலையில் நிற்பதால் மாற்றத்தைத் தவிர்க்க இடமில்லை. 57. பிஷப்×டி5 ராஜா×டி5 58. ராஜா இ3 ராஜா இ5, வெள்ளை விலகியது. காய் மூலையில் நிற்பதன் விலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் பாடம் கிடைப்பது அரிது. முழு ஆட்டத்தைப் பிறகு பாருங்கள்.

நோட்டில் எவ்வளவு எழுதுவது?

ஒரு ஆட்டத்துக்கு இரண்டு பக்கம். குறித்த ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு வரி: எதிராளி விரும்பியது, நான் ஊகித்தது, உண்மையில் ஆடியது, ஏன். தமிழிலேயே எழுதுங்கள். “வெள்ளைக்குச் சாதகம்” என்ற வரி எந்த நோட்டிலும் வேண்டாம், எந்தக் காய் நல்லது, எந்தக் காய் கெட்டது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு ஆட்டம்? சின்னப் பிள்ளைகளும் செய்யலாமா?

பதினைந்து நாளுக்கு ஒன்று. ரேட்டிங் இல்லாத பிள்ளைக்கு மாதம் ஒன்றே அதிகம். இரண்டு நகர்த்தல் பொறிகளை இன்னும் தவறவிடும் பிள்ளைக்குக் கார்ப்போவைக் காட்டுவது எழுத்துக்கூட்டிப் படிப்பவன் கையில் கம்பராமாயணம் கொடுத்தது போல. முதலில் பொறிகள், பிறகு இது.

தினமும் பஸ்ஸில் போய்வருகிறோம், பலகை விரிக்க முடியாது. அந்த நேரம் வீணா?

மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி வருவதற்குள் ஒரு ஆட்டத்தின் பத்து நகர்த்தலைத் தாளில் பார்த்து மனதிலேயே ஓட்டலாம். ஏற்கெனவே அலசிய ஆட்டமாக இருக்க வேண்டும், புதியதை வைத்து முயன்றால் எட்டாவது நகர்த்தலில் குதிரை காணாமல் போகும். இறங்கியதும் ஒரு கேள்வி: கறுப்பு பிஷப்கள் எந்தக் கட்டங்களில்? சரியாகச் சொன்னால் நாளை பன்னிரண்டு நகர்த்தல்.

இதை முடித்துவிட்டோம். அடுத்து எது?

ஃபிஷர் – பெட்ரோசியன், கேண்டிடேட்ஸ் இறுதி, பியூனஸ் அயர்ஸ், 1971, ஏழாவது ஆட்டம். வெள்ளை 34 நகர்த்தலில் ஜெயித்தது. 22-ஆவது நகர்த்தலுக்கு முன் அட்டையை வைத்து மூடுங்கள். வெள்ளைக் குதிரை சி5-இல் அரசாங்கம் நடத்திக்கொண்டிருக்கிறது, பலகையிலேயே அழகான காய் அதுதான். கறுப்பின் டி7 பிஷப்போ ஒன்றுக்கும் உதவாதது போல முடங்கிக் கிடக்கிறது. அந்த பிஷப் எந்தெந்தக் கட்டங்களைக் காத்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் எழுதுங்கள், பிறகு அட்டையை எடுங்கள்.